அடிப்பாரா என்று அவள் கேட்டாள்

சரவணா,

நீ என் போன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். வீட்டுப் பக்கம் வருவதில்லை. கம்பெனி பஸ் நம் டீக்கடை வாசலில் நிற்கும்போது நீ எழுந்து மறுபக்க ஜன்னலுக்குப் போய்விடுகிறாய் என்று டிரைவரே சொல்லிச் சிரிக்கிறார். அதனால்தான் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். ஊர் பார்க்க உன்னை அடித்தேன், ஊர் பார்க்கவே எழுதுகிறேன். இதனால் உனக்கு மானம் போகிறது என்றால் போகட்டும். அன்று சுங்குவார்சத்திரத்தில் முழங்கால் தண்ணீரில் ஒருவன் குப்புற விழுந்து கிடந்தானே, மானம் அவனுக்கும்தான் இருந்தது.

மன்னிப்புக் கேட்பதற்காக எழுதுகிறேன் என்று நினைத்து மேலே படிக்காதே. விளக்குமாற்றால் அடித்ததற்கு நான் வருந்தவில்லை. நாளைக்கே நீ இன்னொருமுறை அதைச் செய்தால் இன்னொருமுறை அடிப்பேன். எழுதுவதற்குக் காரணம் வேறு. நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண் திங்கட்கிழமை என்னைத் தேடிக் கடைக்கு வந்தாள். முதல் ஷிப்ட் முடிந்து, யூனிபாரம் கோட்டைக்கூடக் கழற்றாமல், குன்றத்தூர் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். டீ கேட்டாள், குடிக்கவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அத்தே, அவரு என்னையும் அடிப்பாரா?"

பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பூங்காவனம் கட்டிக்கொண்டிருந்த பூவை அப்படியே விட்டுவிட்டாள். "கட்டிக்கப்போற பொண்ணு, புடவ இன்னா எடுக்கப்போறீங்கோன்னு கேக்கும். இது இன்னா கேக்குது பாருடி" என்றாள். நான் அவளை அதட்டினேன். அந்தப் பெண்ணிடம், "வெள்ளிக்கிழம வாம்மா, சொல்றேன்" என்றேன். அவளும் சரி என்று எழுந்து போனாள். வாய்க்கு வந்ததை உடனே சொல்லிவிடுகிற பழக்கம் எனக்கு என்பது உனக்குத் தெரியும். அன்று சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும். எனக்கு எந்த வாத்தியாரும் எழுத்துச் சொல்லித்தரவில்லை. பஸ் கண்ணாடியில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயர்களைப் பார்த்து எழுத்தைப் பிடித்தேன், பஜ்ஜி மடிக்கிற தாளை வரி விடாமல் படித்துப் படித்து வாக்கியத்தைப் பிடித்தேன். யாரும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டது என்பதால் அதை யாருக்கும் பயந்து உபயோகிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அன்று நடந்ததை நீ உன் வாயால் பெண் வீட்டில் எப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த மழை சாதாரண மழை இல்லை. கடைத் தகரத்தை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்த மழை. எதிரே ஹைவே தெரியவில்லை, லாரி விளக்கு மட்டும் மஞ்சளாக மிதந்து போனது. ஏரி இருந்த இடத்தில் எல்லாம் பிளாட் போட்டுவிட்டார்கள், தண்ணீர் ரோட்டில்தான் உட்காரும். கடைக்குள் ஏறிய தண்ணீரை நான் விளக்குமாற்றால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற நேரம். காண்ட்ராக்ட் ஆட்களுக்கான பஸ் வரவே இல்லை. அவர்கள் எல்லாம் கடைக்குள் ஒண்டிக்கொண்டு, இன்றைக்குக் கம்பெனி கேட்டுக்குள் போகாவிட்டால் நாளைக்கு உள்ளே விடமாட்டார்களே என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது உன் பஸ் வந்தது. பர்மனன்ட் ஆட்களின் பஸ். நீ அதற்கு இன்சார்ஜ். பாதி சீட் காலி. என் கண் இன்னும் கெட்டுப்போகவில்லை, பாதி சீட் காலியாக இருந்தது.

அந்தக் காண்ட்ராக்ட் ஆட்களில் ஒருவனாக நின்ற உன் அந்தோணி ஓடிப்போய் ஏறினான். ஏறினவன் உட்காரக்கூட இல்லை, படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நனைந்த தலையோடு உன்னைப் பார்த்துச் சிரித்தான். பின்சீட்டிலிருந்து எவனோ கத்தியது கடை வரைக்கும் கேட்டது: "இன்னா இன்சார்ஜு, பாத்துகினே நிக்கிற? உன் தோஸ்துன்னா ஏத்திப்பியா? நாளைக்கு நம்ம சித்தப்பனையும் ஏத்திகினு வர்ட்டா?" பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் உன் கையைத் தூக்கியது. அவன் கன்னத்தில் அறைந்தாய். அவன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைப் பட்டையோடு பிடித்து இழுத்து, நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாய். அவன் மல்லாக்க விழாமல் திரும்பி, கையை ஊன்றி விழுந்தான். ஊன்றிய இடத்தில் தண்ணீருக்குள் சாக்கடை மூடுகிற கல் பெயர்ந்து கிடந்தது. எலும்பு முறிகிற சத்தத்தை அந்த மழையிலும் கேட்டேன் என்று நான் சொன்னால் நம்பமாட்டாய். கேட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பஸ்ஸில் இருந்தவர்கள் படம் பிடித்து ஊரே போனில் பார்த்துவிட்டதே. கையில் இருந்த விளக்குமாற்றோடு தண்ணீரைக் கடந்து வந்து உன்னைப் படியிலிருந்து இழுத்து அடித்தேன். தோளில், கழுத்தில், முகத்தில். யூனிபாரம் சட்டையில் சேறு ஒட்டியது. குச்சிகள் உருவிக்கொண்டு தண்ணீரில் மிதந்தன. பூங்காவனம் அப்புறம் என்னிடம் வந்து, "தொடப்பம் லட்சுமிடி, அத்தால புள்ளய அடிப்பாங்களா? அதுவும் நேத்து வாங்கன புத்தம்புதுசு" என்றாள். செருப்பால் அடித்திருக்கலாம்தான். கையில் இருந்தது விளக்குமாறு.

போனை நீ துண்டிப்பதற்கு முன் கடைசியாகப் பேசியபோது சொன்னவை எல்லாம் எனக்கு நினைவில் இருக்கின்றன. "அன்னைக்கி மழம்மா. எல்லாரும் டென்ஷன்ல இருந்தாங்க." மழை உன் கையைப் பிடித்துத் தூக்கவில்லை. அதே மழை அவன் மேலும் பெய்தது, அவன் சிரித்துக்கொண்டுதான் ஏறினான். "ரூல்ஸ்மா. பர்மனன்ட் பஸ்ல காண்ட்ராக்ட் ஆள ஏத்தக்கூடாது." சரி, ஏற்றக்கூடாது என்றுதான் ரூல்ஸ். அறையச் சொல்லி எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்? அதுவும் யாரை? நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் டிரெய்னியாகச் சேர்ந்தவர்கள். தூத்துக்குடியிலிருந்து ஒரு பையோடு வந்தவனை நீதான் கூட்டிவந்து, "அம்மா, இவன் நம்மூட்லயே இருக்கட்டும்" என்றாய். பின்னறையில் ஒரே பாய். நீ பகல் ஷிப்ட் போனால் அவன் அதில் படுப்பான், அவன் போனால் நீ படுப்பாய். ஒரே பாயில் அத்தனை மாதம் தூங்கிய நீங்கள் ஒருநாளும் சேர்ந்து தூங்கியதில்லை. அந்தப் பாய் சூடு ஆறி நான் பார்த்ததே இல்லை. உனக்கு டெங்கு வந்து கிடந்தபோது லீவு கேட்டு, கிடைக்காமல், சொல்லாமலே வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தவன் அவன். பர்மனன்ட் ஆக்குகிறபோது உன் பெயர் வந்தது, அவன் பெயர் வரவில்லை, அவனைக் காண்ட்ராக்டில் போட்டுவிட்டார்கள். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்த வராண்டா நாட்கள்தான் அவன் பெயரை அடித்துவிட்டன என்று. அவன் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. சிநேகம் என்றால் என்ன என்று நான் பெரிய வியாக்கியானம் செய்யப்போவதில்லை. ஒருவன் உனக்காக எதை இழந்தான் என்று தெரிந்துகொள்ளாமல் அவனைத் தோழன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். அது தோழமை இல்லை, பழக்கம்.

மூன்றாவதாக நீ சொன்னதுதான் உள்ளே போய் நின்றுகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. "எனக்கு அடிக்கக் கத்துக் குடுத்ததே நீதாம்மா. இது உன் கை."

ஆமாம், என் கைதான். இல்லை என்று நான் எங்கேயும் போய் நிற்கமாட்டேன். ஹைவேயை அகலப்படுத்துகிறோம் என்று கடையை இடிக்க வந்தபோது நீ என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். மண் அள்ளுகிற வண்டியின் இரும்பு வாளிக்கு முன்னால் நான் போய் நின்றேன். காண்ட்ராக்டரின் ஆள் ஒருவன் என் கொண்டையைப் பிடித்துத் தரையில் இழுத்தான். அவன் முழங்கையைக் கடித்தேன். சதை வாயில் வரும்வரை விடவில்லை. ரத்தத்தை அவன் சட்டையிலேயே துப்பினேன். நீ அழவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாய். கடை போனது போனதுதான், ஆனால் அடுத்த வாரம் இப்போது இருக்கிற இடத்தில் கூரை போட்டபோது ஒருவனும் கிட்டே வரவில்லை. உன் அப்பா கதை உனக்குப் பாதிதான் தெரியும். அவர் கல் உடைக்கிற கிரஷரில் வேலை பார்த்தார். அங்கே மேஸ்திரியிடம் வாங்கிய ஏச்சை எல்லாம் மாலையில் வீட்டுக்குச் சுமந்து வந்து என் முதுகில் இறக்குவார். நீ வயிற்றில் இருந்தபோது ஒருநாள் முடியைப் பிடித்து என் தலையைச் சுவரில் மோதினார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பானையைத் துணியோடு பிடித்துத் தூக்கி, கொதிக்கிற கஞ்சியை அவர் காலில் ஊற்றினேன். கத்தினார் பார், கிரஷர் சத்தம் தோற்றது. பாதத்தில் தோல் உரிந்தது. மருந்து போட்டதும் நான்தான். அதன்பிறகு சாகிற வரைக்கும் அவர் என் மேல் கை வைத்ததில்லை. அக்கம்பக்கத்தில் என்னை ராட்சசி என்றார்கள். ராட்சசியாக இருந்ததால்தான் நீ பிறந்தாய்.

ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொள். நான் ஊற்றியது என்னைவிடப் பெரியவன் காலில். கடித்தது என்னை இழுத்தவன் கையை. நீ அறைந்தது உன்னைப் பார்த்துச் சிரித்தவனை. திருப்பி அடிக்க முடியாத இடத்தில், ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காண்ட்ராக்ட் ஆள் என்று காட்டுகிற வேறு நிறப் பட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு நின்றவனை. உன் அப்பாவும் அதைத்தான் செய்தார். மேஸ்திரியின் கன்னம் உயரத்தில் இருந்தது, என் முதுகு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பின்சீட்டில் கத்தினவனை நீ திரும்பி ஒரு வார்த்தை கேட்டாயா? கையைத் தந்தவள் நான். அது விழுகிற இடத்தை நீ உன் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டாய்.

அந்தோணிக்குக் கை கோணலாகக் கூடியிருக்கிறது. மணிக்கட்டு திரும்பாது. லைனில் ஸ்க்ரூ முடுக்குகிற வேலைக்கு அது போதாது என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். இப்போது நம் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான், இடது கையால் சில்லறை கொடுக்கிறான். கட்டுப் போட்ட அன்றே போலீசுக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டேன். நீ என் பிள்ளை என்பதற்காக எல்லாம் நான் தயங்கவில்லை. அவன்தான் வரமாட்டேன் என்றான். "விடுங்கம்மா. அவன் என்ன செய்வான், பாவம்லா. நான் அவனுக்காவ ஜெபம் பண்ணுதேன். எங்க ஆண்டவரு மன்னிக்கச் சொல்லியிருக்காரு." எனக்கு அவன் மேலேயே கோபம் வந்தது. "உங்காண்டவரு மன்னிக்கச் சொன்னாரு, சரி. கையி எப்பிடிடா கூடும்? அத்த பத்தி இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "அதான் உங்கள அனுப்பி வச்சிருக்காருல்லா, விளக்குமாத்தோட" என்றான். இந்தப் பயலை என்ன செய்வது சொல். அவன் வாய் அப்படி.

நான் குன்றத்தூர் மலைக்குப் போனேன். உன் பெயரை அங்கேதான் வைத்தேன், அதனால் அங்கேதான் போய்க் கேட்க வேண்டும். சன்னதியில் கூட்டம். குருக்கள் நகரச் சொன்னார், நகரவில்லை. முருகனிடம் உன்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அடிபட்டது நான் இல்லை, முருகனும் இல்லை, நாங்கள் இருவரும் பேசி முடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? "கையில வேல வச்சிகினு நிக்கறியே, அத்த யாரு மேல வுடணும்னு உனக்காவது தெரியும். எம்புள்ளைக்கி அத்த சொல்லிக் குடு" என்றுதான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது, பின்னாலிருந்த பெண் விலகி நின்றாள். என் பக்தி அவ்வளவுதான். சண்டை போட்டுவிட்டுத் திரும்புகிற பக்தி. அதை மாற்றிக்கொள்கிற உத்தேசம் இல்லை.

இவ்வளவும் எழுதி வியாழக்கிழமை ஆகிவிட்டது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. ஒன்று என்னைக் குழப்பிக்கொண்டே இருந்தது. அன்று நான் அடித்தபோது நீ தடுக்கவில்லை. நினைத்திருந்தால் என் மணிக்கட்டைப் பிடித்திருக்கலாம், உன் பலத்துக்கு நான் எந்த மூலைக்கு. பிடிக்கவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அத்தனையும் வாங்கினாய். அது வெட்கமா, திமிரா, செய்தது தப்பு என்று தெரிந்து நின்றாயா? பெற்றவளுக்கே தெரியவில்லை. தப்பு என்று தெரிந்து நின்றாய் என்றால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பதில், கேமராக்கள் பார்க்கின்றனவே என்று நின்றாய் என்றால் வேறு பதில்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். வெயில் அடித்தது, மழை பெய்த ஊரா என்று கேட்கிற மாதிரி தகரம் கொதித்தது. அந்தோணி கல்லாவிலிருந்து எழுந்து, "நான் வெளியே நிக்கேன்மா" என்றான். "ஒக்காருடா. உனக்குத் தெரியாம பேச இங்க ஒண்ணுமில்ல" என்றேன். அவளுக்குப் பதில் சொல்வதற்கு முன் என் கதை ஒன்றைச் சொன்னேன். உன் அப்பா வீட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, என் அம்மா உன் அப்பாவைப் பெற்றவளைத் தனியாக அழைத்துப் போய், "பையன் கை நீட்டுவானாங்க?" என்று கேட்டாள். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஐயோ, எம்புள்ள பூ மாதிரிங்க" என்றாளாம். அவளுக்குத் தெரியும். அவளுடைய மூத்த மகன் பெண்டாட்டியை அடித்ததும் தெரியும், இவர் தங்கையை அடித்ததும் தெரியும். ஒரு கல்யாணம் ஆனால் சரியாகிவிடுவான் என்று ஒரு பெண்ணைப் பிடித்து மருந்தாகக் கொடுத்தாள். பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் சொல்கிற பொய் அது. அதைச் சொல்வது தாய்ப்பாசம் என்று நினைக்கிறார்கள். என் தலை சுவரில் மோதிய சத்தம் அடுத்த அறையில் இருந்த அவளுக்குக் கேட்டது. அவள் வரவில்லை.

இதைச் சொல்லிவிட்டு அவளிடம் சொன்னேன்: "அடிப்பான்."

அவள் நான் கொடுத்திருந்த டீயை ஒரு மடக்கு குடித்தாள். "நீங்களே சொல்றீங்களே அத்தே" என்றாள்.

"நான் சொல்லாட்டி யாரும்மா சொல்லுவா? வெளிய ஒருத்தன் சிரிச்சா, உள்ள இருக்கறவள அடிக்கற கையி அது. அவங்கப்பன் கை அப்பிடிதான். இன்னும் அது மாறல. மாறனத நான் கண்ணால பாக்கல."

"மாறுமா?"

"அத்த நான் சொல்ல மாட்டேன். சொன்னா அதுவும் அந்தப் பொய்தான்."

பூங்காவனம் தலையில் அடித்துக்கொண்டாள். "பெத்தவளா இவ? புள்ள கல்யாணத்துல இவளே மண்ண வாரிப் போடறா!" அந்தோணியின் முகம் சுண்டிப்போய்விட்டது. அந்தப் பெண் டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரை அவளே கழுவி வைத்தாள். "நீங்க சொன்னத அவருகிட்ட நான் சொல்லட்டா அத்தே?" என்றாள். "சொல்லு. நானும் எழுதறேன்" என்றேன். போகிறபோது அந்தோணியின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று அவன் கையைப் பார்த்தாள். அவன் வழக்கம்போல மறைத்துக்கொண்டான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

இப்போது உன் கல்யாணம் நடக்குமா நிற்குமா என்று எனக்குத் தெரியாது. அது அவள் முடிவு. அவள் வேண்டாம் என்றால் அவள் வீட்டு வாசலில் போய் நின்று ஒரு வார்த்தை பேசாதே. வேண்டும் என்றாலும் துள்ளாதே. அந்தோணியிடம் போ. மாலை, போட்டோ எல்லாம் வேண்டாம். ஷிப்ட் பஸ்கள் நிற்கிற நேரத்தில் வா, உன்னோடு ஏறுகிறவர்கள் பார்க்கட்டும். நீ வாயைத் திறப்பதற்குள் அவன் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவான், அவன் சுபாவம் அது. அதை வாங்கிக்கொண்டு ஓடிவிடாதே. நில். அவன் மறைக்கிற கையைக் காட்டச் சொல்லிப் பார். பின்னால் எவனாவது சிரிப்பான். நிச்சயம் சிரிப்பான், நம் ஊர் எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பைக் காதில் வாங்கிக்கொண்டே, கையைக் கீழே வைத்துக்கொண்டு நிற்க உன்னால் முடிகிறதா பார்.

நான் உன்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இனியும் கேட்கமாட்டேன், இந்த ஒருமுறையைத் தவிர. நான் சொன்னால் சொன்னதுதான், என் வாக்கு ஒருநாளும் தப்பியதில்லை என்று இந்த ரோட்டில் திமிராகச் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். அந்தப் பெண்ணிடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அவள் கிழவியாகி, ஒருநாள் என் பெயரை எடுத்து, "அத்த அன்னைக்கி சொன்னது சுத்தப் பொய்யி" என்று நாலு பேர் நடுவில் என்னைத் திட்டிச் சிரிக்க வேண்டும். அதற்குள் நான் செத்திருப்பேன். பரவாயில்லை. என்னைப் பொய்க்காரி ஆக்குடா.